அன்றைக்கே எரிக்காத குப்பை

எங்கள் சந்தில் பதினொரு வீடுகள். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பதினொன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இ-மெயில் முகவரி இருந்தது. அதைத் தொடங்கியவன் நான். பாறசாலையில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பது என் வேலை. கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி, நெய்யாற்றின்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, தப்புத் தப்பாகத் தட்டியே பழகினேன். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் எழுதுவதைப் பிரிண்ட் எடுத்து வந்து வீடு வீடாகக் கொடுப்பேன். பாஸ்வேர்டு எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. டவுனுக்கு யார் போனாலும் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.

இன்று சொன்னால் சிரிப்பார்கள். அன்று எங்களுக்கு அதில் குறையாக எதுவும் தோன்றவில்லை. எந்த வீட்டுச் சாவி எந்த ஜன்னல் படியில் இருக்கும் என்பது சந்து முழுவதற்கும் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் மழை வந்தால், கொடியில் கிடக்கும் துணியை யாராவது அள்ளி உள்ளே போட வேண்டாமா?

அண்ணன் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன். வீட்டு வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சக்கைப்பழம் வெட்டும் முன் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவுவார். மீன் சட்டியில் வாடை நின்றால் பிழிந்த புளிக்கோதைப் போட்டுத் தேய்ப்பார். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார். அதில் ஒன்று எல்லோருக்கும் வேடிக்கை. விளக்குமாற்றால் தூத்து வாரிய குப்பையை அவர் அன்றைக்கே எரிக்க மாட்டார். இரண்டு மூன்று நாள் முற்றத்து மூலையில் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரி விடமாட்டாள்.

"குப்பைக்கும் விருந்து வைப்பியளாக்கும்?"

"எனக்க ரேஷன் கார்டு குப்பையோட எரிஞ்சப்போ நீயா வந்து அரிசி அளந்து தந்தே? உனக்க வேலையைப் பாரு பிள்ளே."

கல்யாணமாகி வந்த வருஷம் நடந்தது அது. பழைய பேப்பரோடு கார்டும் போய்விட்டது. அதிலிருந்து வந்த பழக்கம்.

மூன்றாவது வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். அப்பா கடல்வேலைக்குப் போகிறவர். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் எழுதிப்போட்டது அது மூன்றாவது முறை. அடுத்த முறைக்கு வயது கடந்துவிடும். கொச்சியில் இன்டர்வியூ, அதற்கான கடிதம் மெயிலில் வரும், அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால்தான் உள்ளே விடுவார்கள் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் கொடுத்திருந்தது சந்தின் முகவரியைத்தான். வேறு முகவரி ஏது?

அந்தச் சமயத்தில் எனக்குக் காய்ச்சல், இரண்டு சனிக்கிழமை டவுனுக்குப் போகவில்லை. மெயில் பெட்டி வேறு நிறைந்து வழிந்தது. குழந்தைப் படம், பூப்போட்ட வாழ்த்து, பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்கிற செபம். இனி வருவதெல்லாம் திரும்பிப் போகும் என்று சென்டர்காரர் சொல்லியனுப்பினார். அந்த இரண்டாவது சனிக்கிழமை மைனி கிளம்பினார்; எங்கே அமுக்குவது என்று சென்டர்காரர் காட்டித் தருவார்.

"நான் போய்த் தூத்திட்டு வாறேன். அதென்ன, முற்றத்தை விடப் பெருசா?"

நானும் படுத்துக்கொண்டே பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பினேன்: "மைனி, தெரியாத பேருல வந்ததைத் திறக்காண்டாம். திறந்தா வைரஸ் வந்து கம்ப்யூட்டர் செத்துப் போவும். அப்படியே கழிச்சிருங்க."

திங்கட்கிழமை மத்தியானம், சந்து முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நர்ஸின் சிநேகிதி போன் செய்தாள். தனக்குக் கடிதம் வந்து ஒரு வாரமாகிறதாம், புதன்கிழமை இன்டர்வியூவாம். நர்ஸ் அங்கிருந்தே ஏஜென்சி ஆபீஸுக்குப் போட்டுப் பார்த்தாள். லைன் எங்கேஜ். கால் மணி நேரம் கழித்தும் அதே சத்தம். எங்கள் வீட்டுக்கு அவளும் அவள் அம்மாவும் வந்தபோது மைனி அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷுல நீளமா ஒரு பேரு உண்டும் மக்களே," என்றார் மைனி மெதுவாக. "எனக்குத் தெரியாத பேரு. கழிச்சிட்டேன்."

"உமக்குத் தெரியாட்டா? எனக்க பிள்ளைக்குத் தெரியுமே!" என்று அந்த அம்மா கத்தினார். "அவளுக்க சோத்துலயாக்கும் நீரு மண்ணள்ளிப் போட்டது!"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். தெரியாத பேர் என்றேனே, யாருக்குத் தெரியாத பேர் என்று நான் யோசிக்கவே இல்லை. பதினொரு வீட்டுக்கும் தெரிந்த பேரெல்லாம் ஒரே ஆளுக்கு எப்படித் தெரியும்? புத்திமதியில் தப்பில்லை. ஒரு பெட்டிக்கு ஒரு ஆள் என்று இருந்தால்தான் அது செல்லும்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு மைனி சொன்னார்: "ஆனா நான் எரிக்கல்லையே."

யாருக்கும் விளங்கவில்லை.

"அந்தச் சென்டர்காரன் கேட்டான், சேச்சி, கழிச்சதெல்லாம் கிடக்கிய குப்பைத்தொட்டியும் கூடிக் காலியாக்கட்டுமாண்ணு. நான் வேண்டாண்ணு சொன்னேன். கிடக்கட்டும், ரெண்டு நாள் கழியட்டும்ணு சொன்னேன்."

உரித்த மரச்சீனி தண்ணீரில் கிடந்தது. காய்ச்சலோடு நானும் சேர, நாலு பேரும் கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். நர்ஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அவள் அம்மா மைனியோடு ஒரே சீட்டில் உட்கார மாட்டேன் என்று நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டே வந்தார்.

சென்டர்காரர் தலையைச் சொறிந்தார். அந்தத் தொட்டியைக் கம்பெனிக்காரர்களே சில நாளைக்கு ஒரு தடவை காலி செய்வார்களாம், எப்போது என்று அவருக்கும் தெரியாதாம். லைன் கிடைக்க மூன்று முறை போட வேண்டியிருந்தது. பக்கம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. பூவாழ்த்து, செபம், குழந்தைப் படம் என்று தலைப்புகளாக வந்தன. அதற்கும் கீழே அந்த நீளமான பேர் இருந்தது.

பிரிண்டர் பாதியில் நின்று மறுபடி ஓடியது. காகிதம் முழுதாக வெளியே வந்த பிறகுதான் நர்ஸின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். மைனிக்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்த கையோடு நர்ஸ் சென்டர்காரரிடம், "எனக்குத் தனியா ஒரு முகவரி வேணும்," என்றாள். பாஸ்வேர்டு அடிக்கும் இடம் வந்தது.

"எல்லாரும் கொஞ்சம் அங்க திரும்புங்க."

"நான் எதுக்குடி திரும்பணும்? பெத்தவளில்லையா?"

"நீங்களும்தான் அம்மா."

திரும்பி நின்றோம். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. அவள் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. முடித்ததும் கணக்கை லாக்-அவுட் செய்து மூடிவிட்டுத்தான் எழுந்தாள். நான்கூட அதுவரை அப்படி மூடியதில்லை, நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுவேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. போன பிறகு பல நாள் மடல் ஒன்றும் காணோம். ஒரு சனிக்கிழமை சந்தின் பெட்டியில் அறியாத முகவரியிலிருந்து ஒன்று வந்திருந்தது. பேருக்குப் பதில் நம்பர்கள். மைனியும் கூட வந்திருந்தார்.

"தொடாதே," என்றார். "கழிக்கவும் செய்யாதே. கேட்டிட்டுச் செய்வோம்."

யாரிடம் கேட்பது என்று யோசிக்கும்போதுதான் தலைப்பைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். சென்டர்காரருக்குப் புரியவில்லை, நான் படித்துச் சொன்னேன்: "அக்கா, இது நானாக்கும். தூத்திராதிங்க."

உள்ளே நாலு வரி. சுகம். அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். கட்டில் கம்பியில் போட்ட வெள்ளை உடுப்பில் துருக்கறை பிடித்துவிட்டது, என்ன செய்ய வேண்டும்?

மைனி என்னை உடனே பதில் அடிக்கச் சொன்னார்.

"நாரங்காய்ச் சாறும் பொடியுப்பும் வச்சுத் தேய்க்கச் சொல்லு. பின்னே வெயில்ல போடணும். அங்க வெயிலுக்கு என்ன பஞ்சம்." கொஞ்சம் யோசித்தார். "சோப்பு முதல்ல போடாண்டாம்ணும் எழுது. அவளுக்க அம்மைக்குப் பெட்டியில வாறதை நாம திறந்து படிக்க வேண்டாம், நமக்கு இது மட்டும் போதும்."