பதில் சொல்பவனின் பாதி

முதலில் என்னைக் கைவிட்டது சட்டைப் பொத்தான். ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில் ஜக்கார்டு பெட்டி (சேலையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே பொருத்தும் கருவி) மக்கர் செய்கிறது என்று ஆள் வந்திருந்தார். அதைச் சரிசெய்வதுதான் என் தொழில். கிளம்புவதற்காகச் சட்டையை மாட்டினேன். வலது கை பொத்தானைப் பிடித்தது, துளை வரை கொண்டுபோனது, அங்கே விட்டுவிட்டது. மறுபடி பிடித்தேன், மறுபடி விட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை.

"இன்னாங்க, அந்த ஆளு நின்னுகினே இருக்காரு, ஜல்தி வாங்க" என்று என் மனைவி ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். பொத்தான் போட முடியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அது" என்று மட்டும் வந்தது. "அது, அது." எட்டிப் பார்த்தவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். என் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததாம்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிக் கை தளர்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். எனக்கு இரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில மாதம் விழுங்கினேன், தலைச்சுற்றல் நின்றது, இனி எதற்கு என்று நானே டாக்டராகி நிறுத்திவிட்டேன். என்னைப் போன்ற புத்திசாலிகள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). ஆரணியில் ஒரு மருத்துவமனையில் என்னைக் கிடத்தி, வேலூருக்குக் கொண்டுபோக வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் என் தம்பி சவரி ஓடி வந்தான். அவன் பின்னால் பங்குச் சாமியார் (எங்கள் கோயிலின் பாதிரியார்). பல வருடங்களாக நான் முகம் கொடுத்துப் பேசாத தம்பி. மூச்சு வாங்கிக்கொண்டு, "கூட்டிகினு வந்துட்டேன் அண்ணி, கூட்டிகினு வந்துட்டேன்" என்றான்.

சாமியார் எனக்கு நோயில்பூசுதல் (நோயாளியின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் புனித எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம்) கொடுத்தார். நெற்றியில் எண்ணெயின் குளிர்ச்சி தெரிந்தது. இடது கையில் தெரிந்தது. வலது கையில் பூசியதைக் கண்ணால்தான் பார்த்தேன். சாமியார் வந்துவிட்டார் என்றால் கதை முடிந்தது என்று பயந்தேன். அந்தப் பயத்தையும் மீறி ஒரு எரிச்சல் எழுந்தது. அம்மாவுக்கு அழைத்து வராத சாமியாரை இவன் எனக்கு அழைத்து வந்திருக்கிறான்.

அம்மாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு மதியம். பல நாளாகப் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. "சாமியார கூப்டுங்கடா" என்று கேட்டாள். நான் அவள் தலையை மடியில் வைத்திருந்ததால் சவரியை அனுப்பினேன். சைக்கிளில் போனான். கோயில் ஒன்றும் தூரமில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கப் பார்த்தாள். அப்படிப் பார்த்தபடியே போய்விட்டாள். சவரி திரும்பி வந்தபோது அவனோடு சாமியார் இல்லை. அவன் மேல் சாராய வாடை இருந்தது.

கடவுளின் இரக்கம் எண்ணெய்க்காகக் காத்திருப்பதில்லை என்று அந்நாளைய சாமியார் எனக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அது கடவுளின் பாடு, என் பாடு வேறு என்று இருந்துவிட்டேன்.

ஆனால் தினமும் மாலையில் வீட்டில் செபமாலை உண்டே. கத்தோலிக்க வீடுகளில் ஒருவர் முன்சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். முன்சொல்பவருக்கு ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதி. அது முழுக்க வாழ்த்தும் புகழ்ச்சியும்தான். உணவு கொடும், பாவங்களைப் பொறுத்தருளும், மரண நேரத்தில் வேண்டிக்கொள்ளும் என்று கையேந்துவதெல்லாம் பதில் சொல்பவரின் பாதியில் வரும். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல என்ற வரியும் அங்கேதான். அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில் முன்சொல்பவன் எப்போதும் நானே.

ஸ்டெல்லாவுக்கு விஷயம் புரியாமல் இல்லை. "கஷ்டமான பாதிய என் தலைல கட்டிட்டு நீங்க ஜாலியா ஆரம்பிச்சு வெக்கிறீங்க" என்பாள். ஞாயிறு பூசையில் எல்லாரும் சேர்ந்து முழுதாகச் சொல்ல வேண்டும். அங்கே அந்த வரி வரும்போது எனக்கு இருமல் வந்துவிடும்.

வேலூரில் சி.டி. ஸ்கேன் (தலைக்குள் அடைப்போ கசிவோ இருக்கிறதா என்று படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது. வலது கையும் காலும் மரக்கட்டையாகக் கிடந்தன. பேச்சு போயிருந்தது. பேச்சிழப்பு (நினைப்பு இருந்தும் அதற்கான சொல் வாய்க்கு வராமல் போவது) என்று அங்கிருந்த டாக்டரம்மா விளக்கினார். என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். தண்ணீரும் அது, வலியும் அது, ஸ்டெல்லாவும் அது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான நோய் தொடங்கியது. மருத்துவமனையில் எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். வீட்டில் நீங்கள் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் சலித்துவிடும். ஒரே மகள் வந்தவாசியில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஸ்டெல்லாவால் என்னைத் தூக்க முடியாது. சவரிதான் காலையில் தறிக்குப் போவதற்கு முன் வந்து என்னைக் குளிப்பாட்டினான், மலம் கழுவினான். மாலையில் வந்து கை கால்களை நீட்டி மடக்கிவிட்டான். எனக்கு அவன் வேண்டாம். வேண்டாம் என்று சொல்லச் சொல் இல்லை.

ஒரு காலை என் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவனாகப் பேச்செடுத்தான். நான் குறுக்கே பேச முடியாது என்ற தைரியம் போலும்.

"அன்னிக்கு கோயில் கேட்டு வரிக்கும் போனேண்ணா. சாமியார் வந்து எண்ண பூசிட்டா அம்மா செத்துடும்னு தோணுச்சு. கூட்டிகினு போகலனா சாவாதுன்னு நெனச்சேன். பயத்துல திரும்பி கடைக்கு பூட்டேன்."

சோப்பு நுரை கண்ணில் இறங்கியது. என்ன முட்டாள்தனம் என்றுதான் நினைத்தேன். மருத்துவமனையில் சாமியாரைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று நானும் பயந்தேனே, அது இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மாலைச் செபமாலையை ஸ்டெல்லா இரண்டு பாதியும் தானே சொல்லி முடிப்பாள். சவரி உள்ளே வரமாட்டான். செபம் முடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பான். "உள்ள வா சவரி" என்றால், "பரவால்ல அண்ணி, இங்கியே இருக்கேன்" என்பான். ஒரு மாலை ஸ்டெல்லா செபமாலையின் நடுவிலேயே சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். நாள் முழுவதும் என்னோடு மல்லுக்கட்டியவள், பாவம். பாதியில் நின்ற செபத்தை அப்படியே விட மனமில்லாமல் சவரி படியில் இருந்தபடி மெல்லத் தொடங்கினான்.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே..."

தன் பாதியைச் சொல்லி நிறுத்தினான். ஸ்டெல்லா எழுந்து பதில் சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் அசையவில்லை. அந்த இடைவெளியில் ஒரு குரல் பதில் சொன்னது. கணீரென்று, ஒரு சொல் பிசகாமல், பொறுப்பது போல என்ற வரியையும் சேர்த்து ஆமென் வரைக்கும். அது என் குரல்.

ஸ்டெல்லா திடுக்கிட்டு விழித்தாள். சவரி ஓடி வந்து என் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பொறுத்துக்கினியா அண்ணா? என்ன பொறுத்துக்கினியா?" இல்லை என்று கத்த முயன்றேன். "அது! அது!" என்றுதான் வந்தது. அவன் இன்னும் பலமாக அழுதான்.

இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் மாட்டிக்கொள்ள முடியாது. நான் கொடுக்காத மன்னிப்பைத் தெருவே கொண்டாடியது. ஸ்டெல்லா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். சாமியார் வந்து என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். நான் படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த முறை வேலூர் போனபோது ஸ்டெல்லா பூரிப்போடு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல அறிகுறிதாம்மா. ஆனா இது அவர் யோசிச்சுச் சொல்றது இல்ல. செபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது, இதெல்லாம் பழக்கத்துல தானா வரும். நீங்க நடுவுல இடம் விடாம சொன்னதால இத்தனை நாள் வரல."

கூட வந்திருந்த சவரி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அப்போ, அந்த வரிய அவரு மனசார சொல்லலீங்களா?"

"அதை நான் எப்படிச் சொல்றது? அவர் வாய் சொல்லுச்சு. அவ்வளவுதான்."

அவன் முகம் தொங்கிப்போனது. நல்லா வேணும் என்று எனக்குள் ஒரு குரூரமான திருப்தி எழுந்தது. உண்மை வெளியே வந்துவிட்டது, இனி வரமாட்டான் என்று நினைத்தேன். திரும்பும் வழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தலை கண்ணாடியில் இடிக்காமல் தன் உள்ளங்கையை இடையில் வைத்துக்கொண்டு வந்தான். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வாளியோடு வந்து நின்றான். மன்னிப்புக் கிடைக்கும் என்ற ஆசையில்தான் இவ்வளவு நாள் வருகிறான் என்று நான் எண்ணியிருந்தேன். கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் வந்தான். அன்று குளிக்கும்போது எனக்கு அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது.

டாக்டரம்மா பயிற்சி ஒன்று கொடுத்திருந்தார். ஒருவர் செபத்தை முன்சொல்ல வேண்டும், நான் பதில் சொல்லும்போது நடுவில் கையைக் காட்டி நிறுத்த வேண்டும், நின்ற இடத்துச் சொல்லை நான் தனியாகச் சொல்ல வேண்டும். முன்சொல்லும் வேலையைச் சவரி ஏற்றான். வாசற்படியிலிருந்து உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். மாதக்கணக்கில் நடந்தது இது. எழுதவே அலுப்பாக இருக்கிறது, செய்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

முதலில் கிடைத்த சொல் "உணவு". அடுத்தது "இன்று". கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் "இரட்சியும், இரட்சியும்" என்று கூவுவேன். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து ஓடி வருவாள். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். செபத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றித்தான் எனக்குப் பேச்சு திரும்பியது. ஆனால் முதல் பாதியை என்னால் இன்றும் தொடங்க முடிவதில்லை. யாராவது தொடங்கினால்தான் எனக்கு வரும். முன்சொல்பவனாகவே இருந்தவன் பதில் சொல்பவனாகிவிட்டேன்.

நினைத்த இடத்தில் நானாகவே நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு மாலை, உணவு கேட்டு முடித்ததும் நிறுத்தினேன். அடுத்தது அந்த வரி. விட்டிருந்தால் தண்ணீர் போல ஓடியிருக்கும். எனக்குச் சொல் மறந்துவிட்டது என்று எண்ணி ஸ்டெல்லா எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தாள். சவரி அவளைப் பார்த்துத் தலையசைத்து வேண்டாம் என்றான்.

"சவரி" என்றேன். அதற்கே மூச்சு வாங்கியது. "சவரியை... நான்..." அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. ஸ்டெல்லா எழவில்லை. அடுத்த சொல் தொண்டைக்குக் கீழே எங்கோ கிடந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். "பொறு... பொறுப்பது போல."

"செபத்துல பேருலாம் வராதுங்க" என்றாள் ஸ்டெல்லா. குரல் உடைந்திருந்தது.

சவரி இந்த முறை அழவில்லை, காலைப் பிடிக்கவில்லை. "மிச்சத்தயும் சொல்லுண்ணா" என்றான்.

மிச்சம் இருப்பது எனக்கு நினைவிலேயே இல்லை. அத்தனை வருடமாக அந்த வரியின் முன்பகுதியோடுதான் மல்லுக்கு நின்றேன். எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்ற பின்பகுதி என்னைப் பற்றியது. அதையும் தேடித் தேடிச் சொன்னேன். அதற்கு இன்னும் அதிக நேரம் பிடித்தது. இருவரும் காத்திருந்தார்கள். குக்கரில் சோறு குழைந்துபோயிருந்தது. அதைத்தான் மூவரும் சாப்பிட்டோம்.

இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். இதை இடது கையால் எழுதுகிறேன். சொல் கிடைக்காத இடங்களில் ஸ்டெல்லா எடுத்துக்கொடுக்கிறாள். வலது கை இன்னும் என்னுடையதாகத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட உறவுக்காரர் போல மடியில் கிடக்கிறது. பொத்தானை ஸ்டெல்லா போட்டுவிடுகிறாள். முன்பு சட்டென்று முடிந்த செபமாலை இப்போது மாலை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை.

அந்த வரியை ஒரு நாள் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். மறுநாள் மாலையும் வந்தது. முந்தைய நாள் சொன்னது உதவவில்லை. அம்மா வாசலைப் பார்த்த முகம் அப்படியே எதிரில் இருந்தது, சவரியும் எதிரில் இருந்தான். மாத்திரை விஷயத்திலும் நான் இதே தப்புக் கணக்குத்தான் போட்டேன். ஸ்டெல்லா மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். விழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். சவரி தொடங்கினான்.