தாழ்ப்பாள் அக்கா மேடையேறிய நாள்

பட்டப்பெயர் வைப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தனியாக வசிக்கும் முதியவர்களின் கதவுகளைத் தினமும் போய்ப் பார்த்து வருகிறவளுக்குத் 'தாழ்ப்பாள் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அவளும் அதற்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

ஆனால் அந்த வேலை சிரிப்பில் தொடங்கியதல்ல. ஆஸ்பத்திரியில் அவள் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கீழ்வீட்டில் தனியாக இருந்த தையல்காரர் இறந்துபோனார். சில நாள் கழித்து நாற்றம் வந்துதான் விஷயம் தெரிந்தது. அத்தனை நாளும் அவள் அந்தக் கதவைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறாள். அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது யோசித்ததுதான் துணி ஏற்பாடு. தனியாக இருப்பவர்கள் படுக்கப்போகும்முன் கதவுப்பிடியில் ஒரு நீலத்துணியைக் கட்ட வேண்டும். எழுந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். வெயில் ஏறியபிறகு தொண்டர்கள் தெருவைச் சுற்றி வருவார்கள். துணி இல்லையென்றால் ஆள் நலம். தொங்கினால் தட்டு; பதில் இல்லையென்றால் உடை. முதலில் அவளோடு நாலு பெண்கள் நடந்தார்கள். பிறகு வேலையில்லாதவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று ஊரே நடந்தது. கடைசியில் நகராட்சியே கூப்பிட்டு, முதியோர் நலப் பிரிவில் மேசை போட்டுக் கொடுத்தது. சம்பளக்காரியான பிறகும் அவள் காலைச் சுற்றை விடவில்லை. கணவரின் அக்கா வீடு அவள் சுற்றில்தான் இருந்தது.

அந்த அண்ணிக்கு வாய் நீளம். "நான் பொட்டுன்னு போயிட்டேனான்னு பாக்க வர்றியா? இன்னும் இல்லடி, நாளைக்கு வா" என்பாள். ஆனால் அவள் வரும் நேரத்துக்கு டீ தயாராக இருக்கும். கணவர் போனபின் தாழ்ப்பாள் அக்காவுக்கு மிச்சமிருந்த ஒரே உறவு அவள்தான்.

போன மாதம் தாழ்ப்பாள் அக்காவுக்குப் பாராட்டு விழா என்றார்கள். காலையிலேயே மண்டபத்தில் நாற்காலி போட வேண்டும், வரவேற்க ஆள் வேண்டும். எனவே முந்தின நாள் எல்லோரையும் கூப்பிட்டு, "நாளைக்கு மட்டும் விடியறதுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்துடுங்க" என்றாள்.

"அந்நேரத்துல எல்லார் வீட்லயும் துணி தொங்குமேம்மா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற பேங்க் கேஷியர். அவள் விழாவில் இருப்பாள் என்பதால் மறுநாள் அண்ணியின் தெரு அவர் பொறுப்பு.

"தூங்குறவங்களைத் தட்டி எழுப்பாதீங்க. விழா முடிஞ்சதும் இன்னொரு தரம் பாத்துக்கலாம்."

அப்படியானால் அந்தச் சுற்று எதற்கு? ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒருநாளும் சுற்று விட்டதில்லை என்று மேடையில் சொல்லிக்கொள்ள வேண்டுமே! எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது அதற்குத்தான்.

முதியவர்களுக்கு முன்வரிசையில் இடம். வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வழக்கம்போலத் தாமதம். மேடையில் உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் காலி நாற்காலி ஒன்று பட்டது. வேன்காரர் ஹாரன் அடித்தும் அண்ணி வரவில்லையாம். வீம்புக்காரி, வரமாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விருந்தினர் வந்தார். மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. அவளைத் தாய் என்றார், தெய்வம் என்றார். கை தட்டினார்கள். அவள் பார்வையோ காலி நாற்காலியை விட்டு நகரவில்லை. எழுந்தால் மரியாதை இல்லை, எழாவிட்டால் மனசு கேட்கவில்லை. அவர் பொன்னாடையைக் கையில் எடுத்தபோது அவள் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். பின்னாலேயே கேஷியரும் ஓடினார்.

உச்சி வெயிலில் அண்ணி வீட்டுக் கதவில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினாள். பதில் இல்லை. கேஷியர் தோளால் மோதிக் கதவைத் திறந்தார்.

அண்ணி குளியலறை வாசலில் கிடந்தாள். தலைக்குக் கீழே தரையில் ரத்தம் காய்ந்திருந்தது. கண் மட்டும் அசைந்தது. கேஷியர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். தாழ்ப்பாள் அக்கா அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி செருப்புச் சத்தம் கேட்டுச்சுடி," என்றாள் அண்ணி, காற்றுப்போன குரலில். "வாசல்ல வந்து நின்னாங்க. கூப்பிட்டேன், குரல் எழும்பல. தட்டுவாங்க, உடைப்பாங்கன்னு பாத்தேன். போயிட்டாங்க."

கேஷியர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"திருடனாத்தான் இருக்கும்," என்றாள் அண்ணி. "நம்ம ஆளுங்கன்னா தட்டாமப் போவாங்களா?"

ஆமாம் என்று தாழ்ப்பாள் அக்கா தலையாட்டியிருக்கலாம். அந்தப் பொய்யால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவளால் முடியவில்லை.

"நம்ம ஆள்தான் அண்ணி. தட்ட வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், மூச்சுதான் இல்லை.