நெளிந்துபோன கோடுகள்

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றை அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணனுக்குப் பாலிஷ் வேலை. தம்பி, காரின் இரண்டு பக்கமும் முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை மெல்லிய அலங்காரக் கோடு போடுகிறவன். டேப் ஒட்டமாட்டான், அளவுகோல் வைக்கமாட்டான். நீண்ட மயிர்த் தூரிகையைப் பெயிண்டில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான் என்றால் கோடு அவன் பின்னாலேயே வரும். அவன் பெயரே ‘கோடு’ என்று ஆகிவிட்டது.

“நான் போடுறதைத்தான் ஜனங்க பாக்குறாங்க. அண்ணன் துடைச்ச இடத்துல ஈகூட உக்காராது, வழுக்கி விழுந்துடும்” என்று கிண்டல் செய்வான்.

ஒரு நாள் காலையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தம் நீலக் காரைக் கொண்டுவந்து, உள்ளே விடாமல் தெருவிலேயே நிறுத்தினார். அண்ணனை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார்.

“தம்பி காதுல விழவேண்டாம். இந்தக் கோட்டை எடுத்துடுங்க. காரோட பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.”

அண்ணன் குனிந்து பார்த்தார். முன்கதவு வரைக்கும் ஒழுங்காக வந்த கோடு, பின்கதவில் காற்றில் ஆடிய நூல்போல நெளிந்திருந்தது.

“இந்தப் பக்கத்தை எப்பவும் சுவரை ஒட்டித்தான் நிறுத்துறேன். சொன்னா அந்தப் பிள்ளை மனசு நோகுமேன்னு பேசாம இருந்தேன். இப்ப மருமகன் வந்து பாத்துட்டுச் சிரிக்கிறார்.”

கொஞ்ச காலமாகவே, தம்பியின் தூரிகை பெயிண்ட் டப்பாவில் படபடவென்று தட்டுகிற சத்தம் அண்ணன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. தூக்கம் போதவில்லை என்று அவன் சொன்னதை அவரும் வசதியாக நம்பியிருந்தார்.

பெயிண்ட் கடைக்குப் போய்வரும்படி தம்பியை அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினார். நகத்தால் தடவினார், கோட்டின் விளிம்பு தட்டியது. அப்படியென்றால் கோடு மேலாகத்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம். பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பட்டால் அடிப்பெயிண்டும் போய்விடும் என்பதால், கண்ணில் படாத ஓரத்தில் மென்மையான திரவத்தைத் துணியில் தொட்டுச் சோதித்துப் பார்த்தார். கோடு அசையவில்லை. தம்பி போட்ட பெயிண்ட் அவ்வளவு கெட்டி. கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, வாட்டர் பேப்பர் என்கிற மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் தேய்த்தார். கோடு போன இடம் வெயில் படாமல் கருநீலமாகத் தெரிந்தது. அதைச் சரிக்கட்ட அந்தப் பக்கம் முழுவதையுமே பாலிஷ் போட வேண்டும்.

முன்கதவு முடிந்திருந்தது. அதற்குள் தம்பி திரும்பிவிட்டான்.

“இது நான் போட்டதாச்சே?”

மீதியிருந்த கோட்டின்மேல் தம்பி விரலை வைத்து மெல்ல நடந்தான். விரலும் நடுங்கியது.

“எப்பலேர்ந்துண்ணே?”

“இது ஒண்ணுதான்டா. அன்னைக்கு உனக்கு உடம்பு சரியில்ல.”

“பொய் சொல்லாதண்ணே. உனக்கு அது வராது.”

அவன் நேராகக் கடைத்தெருவுக்குப் போனான். நின்றிருந்த கார்களில் தன் கோடுகளைத் தேடித் தேடிப் பார்த்தான். சாயங்காலம் வந்து சுவரோரமாக உட்கார்ந்தான்.

“போடும்போது எனக்கு நேராத்தான் தெரிஞ்சுதுண்ணே.”

மறுநாள் அண்ணன் அவனைக் கூட்டிப்போய்க் காட்டிய நரம்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மாத்திரை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க வைக்கும். கை பழையபடி ஆகாது என்றார்.

நெளிந்த கோடுகள் அத்தனையையும் எடுத்துவிட வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். தானே போன் செய்து கார்களை வரவழைத்தான். அண்ணன் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். சிலர் பரிதாபப்பட்டார்கள். ஒருவர் மட்டும், “குடிச்சுட்டுப் போட்டியா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்.

“ஆமா சார்” என்றான் தம்பி. வியாதி என்று சொல்வதைவிட அவனுக்கு அது லேசாக இருந்தது.

கடைசியாக ஒரு துணிக்கடைக்காரரின் வெள்ளைக் கார் வந்தது. அண்ணன் நகத்தால் தடவினார். எதுவும் தட்டவில்லை.

“இதை எடுக்க முடியாதுடா. கோட்டுக்கு மேல கிளியர் கோட்டுன்னு கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு அடிச்சிருக்கு. தேய்ச்சா எல்லாம் போயிடும்.”

“அப்ப அப்படியே ஊரெல்லாம் சுத்தட்டும்கிறியா?”

“அவரே பரவாயில்லைங்கிறார். உனக்கென்னடா?”

மறுநாள் காலை அண்ணன் வரும்போது பட்டறையில் பாலிஷ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். பிடி நிற்காமல் மெஷின் துள்ளித் துள்ளி, கதவின் வெள்ளையைத் தின்று, அடிப்பூச்சான சாம்பல்நிற பிரைமரை உள்ளங்கை அகலத்துக்கு வெளியே கொண்டுவந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் கோடு அப்படியேதான் இருந்தது. அண்ணன் சுவிட்சை அணைத்தார்.

துணிக்கடைக்காரர் வந்து வெகுநேரம் கதவையே பார்த்தார். “நான் இதை எடுக்கச் சொல்லவே இல்லையேப்பா” என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு தம்பி பட்டறைப் பக்கம் வரவில்லை. சில வாரங்கள் கழித்து அண்ணன் அவன் வீட்டுக்குப் போனார். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருக்க, அவன் மனைவி குனிந்து சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முகத்தைத் திருப்பாமலே, “அந்த வெள்ளைக் காரு நல்லா வந்துச்சாண்ணே?” என்று கேட்டான்.

“வந்துச்சுடா.”

“சரி, நீ போ. வேலை கெடக்கும்.”

வாசல்வரை கூடவே வந்த தம்பி மனைவி குரலைத் தாழ்த்தினாள். “எங்கிட்ட வாயே தெறக்கிறதில்ல மாமா. உங்ககிட்டயாவது ஏதாச்சும் சொன்னாரா?”

“காரைப் பத்திக் கேட்டான்மா.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். புதிதாக அடித்த வெள்ளை, பழைய வெள்ளையோடு சேரவே இல்லை என்பதையும், துணிக்கடைக்காரர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார் என்பதையும் அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குப் பட்டறையில் வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.