நூற்றிருபது சிலுவை பிஸ்கட்டுகள்

மரியசெல்வியைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு காரியம் புரியவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் யாரிடமும் போய்க் கேட்கவும் மாட்டாள். கேட்டால் அரை நிமிடத்தில் தீர்ந்துபோகிற சங்கதியை மனதுக்குள் போட்டு எட்டு வருஷம் உருட்டுவாள். வாய்க்கு வந்த கணக்கில்லை. எட்டு வருஷமேதான்.

திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டிய தெருவில் குடியிருந்தாள். புருஷன் கிறிஸ்துராஜுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. ஒரே மகள், ஏஞ்சலின். தொண்ணூற்றைந்தில் கன்னியர் மடத்தில் பெண்களுக்குப் பத்து நாள் பேக்கரி வகுப்பு நடந்தபோது தெருவே திரண்டு போனது. கடைசி நாள் கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு எல்லாரும் அதை மறந்துபோனார்கள். வீட்டுக்கு வந்து செய்துபார்த்தவள் மரியசெல்வி ஒருத்திதான். மூடியில் கண்ணாடி பதித்த வட்ட ஓவன் ஒன்றை, நச்சரிப்புத் தாங்காமல், கிறிஸ்துராஜ் மதுரையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான்.

கேக் அவளை இழுக்கவில்லை. அச்சில் வெட்டும் வெண்ணெய் பிஸ்கட்டுதான் இழுத்தது. வெண்ணெயையும் பொடித்த சீனியையும் வெள்ளை வெளேரென்று வரும்வரை குழைக்க வேண்டும். முட்டையும் வனிலாவும் சேர்த்து, மைதாவைச் சலித்துக் கொட்டி விரல் நுனியால் கூட்டிச் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவைப் போல அறைந்து பிசைந்தால் பிஸ்கட்டு கருங்கல்லாகிவிடும். பிறகு பலகையில் தேய்த்து நட்சத்திரம், வாத்து, மணி என்று தகர அச்சால் வெட்டி எடுக்கலாம். இவ்வளவும் மடத்துச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது. திண்டுக்கல் வெயிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரை மாதத்தில் வெண்ணெய் மாவு பலகையிலேயே இளகும். ஓவனுக்குள் நட்சத்திரமாகப் போனது பூசணிப்பூவாக வெளியே வரும். வாத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

வெட்டிய மாவைக் குளிரவைத்துச் சுட்டால் உருவம் நிற்கும் என்று ஏழெட்டுத் தடவை கெடுத்த பிறகு அவளே கண்டுபிடித்தாள். வீட்டில் ஃபிரிஜ் கிடையாது. அடுத்த வீட்டு நஜ்முன்னிசாவிடம் இருந்தது. அந்த அம்மாள் தாராளமான மனுஷி.

“மேல் தட்டு காலியாத்தான் கெடக்கு, வெச்சுக்கம்மா. எனக்கு அந்த ஓரத் துண்டு மட்டும் மறக்காமக் குடு.”

அச்சு வெட்டியது போக மிஞ்சும் ஓரங்களையும் மரியசெல்வி சுடுவாள். அது நஜ்முன்னிசாவின் பங்கு.

தொண்ணூற்றாறு மே மாதம் ஏஞ்சலினுக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கல்யாணத்துக்கு அடுத்தபடி பெரிய விசேஷம். கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டில் பந்தி. நத்தத்திலிருந்து மதினி வருவாள் என்பதுதான் மரியசெல்விக்கு அதில் முக்கியம்.

மதினி என்றால் கிறிஸ்துராஜின் அக்காள், வியாகுலம்மாள். பள்ளிக்கூட டீச்சர். அந்தக் குடும்பத்தில் குழம்பு நன்றாயிருக்கிறதா இல்லையா என்பதைக்கூட அவள் வாயில் வைத்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் முடிவு செய்வார்கள். ஓவன் வந்த புதிதில், “பிஸ்கட்ட எதுக்குடி வீட்டுல சுடணும்? கடைக்காரன் செத்தா போயிட்டான்?” என்று கேட்டவள். அந்த வாயிலிருந்து ‘நல்லாருக்கு’ என்ற ஒரு சொல் வந்துவிட்டால் போதும், நாலு வீட்டு விசேஷத்துக்குத் துணிந்து சுட்டுக் கொடுக்கலாம் என்று மரியசெல்வி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

புதுநன்மைக்கு வாத்தும் மணியும் பொருந்தாது என்று தோன்றியது. கிறிஸ்துராஜ் பட்டறையில் மிஞ்சிய பித்தளைத் தகட்டை வளைத்துச் சிலுவை அச்சு ஒன்று செய்து கொடுத்தான். பற்றவைத்த இடத்தில் கடுகளவு துருத்தல் இருந்ததால் ஒவ்வொரு சிலுவையின் வலது கையிலும் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. அது ஒரு குறையா? சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும் என்று இரண்டு நாளும் பகலிலேயே சுட்டாள். நூற்றிருபது சிலுவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சீனிப்பாகால் வெள்ளைக் கோடு. நடுவில் ஒரு வெள்ளி மிட்டாய் மணி. ஒரு சிலுவைகூட உருவம் கலையவில்லை. கிறிஸ்துராஜே வாயடைத்துப் போனான்.

பந்தி முடிந்து தட்டுகளைக் கொண்டுவந்தாள். “ஆத்தாடி, எம்புட்டு அழகு!” என்று ஒவ்வொருவராக எடுத்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தர் கைக்குட்டையில் சுற்றினார், ஒருத்தி முந்தானையில் முடிந்தாள். ஒரு சிறுபிள்ளை வாய்க்குக் கொண்டுபோனதும் தாய்க்காரி கையைத் தட்டிவிட்டு என்னவோ காதுக்குள் சொன்னாள். வியாகுலம்மாள் ஒன்றை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். கைப்பையைத் திறந்தாள், உள்ளே வைத்தாள், டப்பென்று மூடினாள். நல்லாருக்கு என்றும் சொல்லவில்லை, நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. மரியசெல்வி அடுப்படிக்குள் போய் மிச்சமிருந்த ஒன்றைப் புரட்டினாள். அடி கருகவில்லை. மோந்து பார்த்தாள், வனிலா மணந்தது. ருசி பார்க்கலாம் என்று வாய்வரை கொண்டுபோனாள். என்னவோ மனம் வரவில்லை, வைத்துவிட்டாள். வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

மறுநாள் நஜ்முன்னிசா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். “ருசிக்கு என்னம்மா கொறச்சல்? ஓரத் துண்டே வாயில போட்டதும் கரைஞ்சுருச்சே.”

முகத்துக்கு நேரே குறை சொல்கிற மனுஷியா அவள் என்று மரியசெல்வி அதை நம்பவில்லை. ராத்திரி புருஷனிடம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தாள்.

“பிஸ்கட்டு எப்புடி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“தின்னீகளா?”

“பந்தி பரிமாறவே நேரம் சரியாப் போச்சு, நான் எங்க தின்னேன்?”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். திறக்கவைக்க என்ன வழி என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. மரியசெல்வி தானே காரணம் தேடினாள். முட்டை வாடை அடித்திருக்குமோ? சீனி டப்பாவுக்குப் பதில் உப்பு டப்பாவைக் கவிழ்த்துவிட்டேனோ? இல்லை, போன கிறிஸ்மஸுக்கு மதினிக்கு எடுத்த சேலையின் நிறம் பிடிக்காமல் அந்தக் கோபத்தை இதில் காட்டிவிட்டாளோ? சேலைக்கும் தின்னாமல் போன நூறு பேருக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே குழம்பும். உடனே மறுபடி முட்டையிலிருந்து தொடங்குவாள். ஓவன் மேல் வடகம் டப்பா ஏறியது. பித்தளை அச்சு தையல் மிஷின் டிராயருக்குள் போனது. ஏஞ்சலின் பத்தாவது முடித்து பிளஸ் ஒன் சேர்ந்தாள். முட்டையா உப்பா என்பது மட்டும் தீரவில்லை.

இரண்டாயிரத்து நாலில் வியாகுலம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டாள். ஒத்தாசைக்கு ஒரு வாரம் மரியசெல்வி நத்தம் போனாள். இரண்டாம் நாள், மதினி படுக்கிற உள்ளறையில் திரு இருதய ஆண்டவர் படத்தைத் துடைக்கப் போனவள் கை அப்படியே நின்றுவிட்டது. படத்துக்கு முன்னால் மூடிபோட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணம். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ஒரு சிலுவை. வெள்ளைக் கோடு பழுப்பேறியிருந்தது. வலது கையில் சின்னப் பள்ளம்.

“மதினி… இது…”

“ஒம் மக புதுநன்மைக்கு நீ குடுத்ததுதான். ரெண்டு ரசகற்பூர உருண்ட போட்டு வெச்சேன், எறும்பு அண்டல.”

“ஏன் மதினி தின்னல?”

“சிலுவையப் போய்க் கடிக்கச் சொல்றியா?” வியாகுலம்மாளுக்கு நிஜமாகவே திகைப்பு. “புள்ள நற்கருண வாங்கிட்டு வந்த அன்னைக்கு, ஆண்டவரு சிலுவைய ஒரு கையில ஒரு கடி, கால்ல ஒரு கடின்னு எவ தின்பா? அன்னைக்கு வந்தவுக யாருமே தின்னுருக்க மாட்டாக. எங்கூட வந்த எதுத்த வீட்டு புஷ்பமேரி பைபிளுக்குள்ள வெச்சா, அதத்தான் எறும்பு தின்னுருச்சு. எறும்புக்கு ஏது பாவம்?”

“அப்ப ருசி?”

“அது எவளுக்குத் தெரியும்?”

மரியசெல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முட்டையும் இல்லை, உப்பும் இல்லை, சேலையும் இல்லை. அடுப்படியில் அன்றைக்கு வாய்வரை போன கை ஏன் திரும்பியது என்பது இப்போதுதான் உறைத்தது. தன்னாலேயே கடிக்க முடியாததை ஊருக்குப் பரிமாறியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

“எட்டு வருசமா ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல மதினி?”

“நீ ஒரு வார்த்த கேட்டியாடி?”

மரியசெல்வி எழுந்து, பாதியில் விட்ட படத்தைத் துடைத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் வடகம் டப்பாவை இறக்கினாள். ஓவன் செத்த நேரம் முரண்டு பிடித்துவிட்டுச் சூடேறியது. இப்போது வீட்டிலேயே ஃபிரிஜ் இருந்தது. ஆனாலும் ஓரத் துண்டுகள் அடுத்த வீட்டுக்குப் போயின. பித்தளை அச்சைத் தொடவில்லை. வாத்து, முழுக்க வாத்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு நத்தம் பஸ் ஏறினாள்.

வியாகுலம்மாள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். “எனக்குச் சுகர் இருக்குன்னு தெரியும்ல?”

மரியசெல்விக்கு முகம் செத்துப்போனது. ஒரு வாரம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். எட்டு வருஷத்து ஆசையில் அது மறந்துபோயிருந்தது. டப்பாவை வாங்கக் கை நீட்டினாள்.

வியாகுலம்மாள் கொடுக்கவில்லை. இனிப்பைத் தொட்டால் சத்தம் போடுகிற மகன் வருகிறானா என்று வாசலைப் பார்த்தாள். ஒரு வாத்தை எடுத்து, தலையைக் கடித்தாள். மென்றாள்.

“சீனி செத்த கூட.”

அவ்வளவுதான். அப்புறம் உடம்பையும் வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். இது நல்லாருக்கா, நல்லால்லையா? மரியசெல்விக்குப் பழையபடி குழப்பம் ஏறியது. பையை எடுத்துக்கொண்டு நடைவரை போனாள். செருப்பில் ஒரு காலை நுழைத்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

“மதினி, வெளங்கச் சொல்லுங்க. நல்லாருக்கா, இல்லையா?”

வியாகுலம்மாளின் கையில் இரண்டாவது வாத்து இருந்தது. “நல்லா இல்லாமலாடி இந்தச் சுகரோட அடுத்தத எடுக்குறேன்? போ, பஸ்ஸு போயிரும்.”

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. வழிக்கு என்று எடுத்து வைத்திருந்த ஒரு வாத்தை மரியசெல்வி காகிதம் பிரித்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மதினி சொன்னது சரிதான், சீனி கொஞ்சம் கூடத்தான்.