பெல்ட் கான்கிரீட்டோடு நின்ற வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அப்பா இறந்த அன்று எங்கள் வாசலில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "அந்த மனை ஆவாதுங்க. காவு வாங்கிப்போடுச்சு." ஒரு வருடமாக அது என் அம்மாவைத் தூங்கவிடவில்லை. ஆகவே அப்பாவைப் பற்றி எழுதும்போது அந்த மனையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது ராசிபுரம் பக்கம், மானாவாரிக் காட்டில். மழை பொய்த்துப்போகவே, மீசை அரும்பும் வயதில் திருச்செங்கோட்டுக்கு வந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறினார். போர் போட வடக்கே போனால் வண்டி மாதக்கணக்கில் திரும்பாது. வீடு கட்டுகிறவர்கள் முதலில் தண்ணீருக்குத்தானே வழி பார்ப்பார்கள்? அப்படி எத்தனையோ காலி மனைகளை அப்பா பார்த்தார். அங்கே எழும்பிய வீடுகளைப் பார்த்ததில்லை. நாங்கள் வாடகை வீடுகளில் வளர்ந்தோம். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் கோபிப்பார் என்று அப்பா சட்டையைக் கதவின் மேல்தான் போடுவார். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. கோபம் மட்டும் கொஞ்சம் உண்டு, அது எனக்கும் வந்திருக்கிறது.

வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் சொந்த மனையில் வேலையைத் தொடங்கினார். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டதும், சமையலறைக் கோட்டுக்குள் அம்மாவை நிற்க வைத்தார்.

"கை ரண்டையும் நீட்டிப் பாரு. எடம் பத்துதா?"

"வெறும் மண்ணுல நிக்க உட்டுக் கேட்டா நான் என்னத்தைங்க சொல்றது?" என்று சிரித்தார் அம்மா. அப்பா விடவில்லை. கோட்டை அரை அடி தள்ளிப் போடச் சொன்னார்.

கல்கட்டு முடிந்து, அதன்மேல் சுற்றிலும் கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட் போட்டார்கள். மறுநாள் காலை அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வார்த்தையை முதலில் சொன்னவர் என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். "இனி அந்த மண்ண மிதிக்காதீங்க. வித்துப்போட்டு வேற பாருங்க" என்றார். அம்மா தலையாட்டினார். அதற்குப் பிறகு பெரியப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துத்தான் கான்கிரீட் என் நினைவுக்கு வந்தது. நல்ல கோடை. ஈரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். துக்க வீட்டில் யார் அதை நினைத்தோம்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பதறிப் போனேன். பெல்ட் முழுக்கச் சாக்கு விரித்திருந்தது. சாக்கெல்லாம் நனைந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு பெரியப்பா நின்றிருந்தார்.

"மனை ஆவாதுன்னீங்களே, பெரியப்பா?"

"ஆவாதுதான் சாமி. இப்பவுஞ் சொல்றேன்." குழாயை அவர் கீழே போடவில்லை. "ஆனா இது எந்தம்பி போட்டதாச்சே. வெடிக்கறத எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறது?"

அப்பா கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய அதே இடத்தில் நானும் அவரும் அழுதோம். அதற்குமேல் அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

இந்த ஒரு வருடம் வேலை நின்றுபோய், பேஸ்மென்டுக்குள் கருவேல முள் முளைத்துவிட்டது. மனையைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். "வருசம் திரும்பட்டுங்க" என்று அம்மா அனுப்பிவைத்தார். அவரும் அந்தப் பக்கம் போகவே இல்லை. போன வாரம் திடீரென்று, "சமையக்கட்டு அந்த அரையடி தள்ளித்தான் கட்டிருக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்பாவைக் காரில் ஏற்றி ஓடிய பக்கத்துக் காட்டுக்காரருக்கும், வேலையைப் போட்டுவிட்டுத் தோள் கொடுத்த கொத்தனார்களுக்கும், கருமாதி வரை எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆகவே சொல்லவில்லை.

இன்று திதிச் சாப்பாடு முடிந்ததும் அம்மா மனையைப் பார்க்க வருகிறேன் என்றிருக்கிறார். கட்டுவதா விற்பதா என்று அங்கே நின்று அவரே சொல்லட்டும். அதுவரை அந்தப் பழைய வார்த்தையை யாரும் அவர் காதில் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியப்பா, உங்களையும் சேர்த்துத்தான்.