பஞ்சைக் கூரையில் போடுவதா, தரையில் போடுவதா

மகள் லண்டன் ஹரோவில் வீடு வாங்கியதும் எனக்கு வந்த முதல் வேலை, அதன் லொஃப்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது. ஓட்டுக்கும் மேல்மாடிச் சீலிங்குக்கும் நடுவே கிடக்கிற அந்த முக்கோண இடத்தில் குளிர் தாங்குகிற பஞ்சு போடவேண்டுமாம். கூரை மரங்களுக்கிடையில் கட்டினால் அங்கே ஆட்கள் படுக்கலாம். தரையில் விரித்தால் கீழ் அறைகள் சூடாக இருக்கும், மேலே சூட்கேஸ்களைத்தான் அடுக்கலாம். "நீங்களே சொல்லுங்கோ அம்மா, எது நல்லது?" என்று ஒன்றும் தெரியாதவள்போலத் தொலைபேசியில் கேட்டாள்.

நான் என்ன பால்குடிப் பிள்ளையா? கூரையில் கட்டினால் அவளும் மருமகனும் மேலே குடிபோவார்கள், அவர்களுடைய பெரிய அறை எனக்கு வரும். நான் என் ஈஸ்ட் ஹாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹரோவுக்கு வரவேண்டும். தரையில் விரித்தால் இருக்கிற இடத்திலேயே இருப்பேன். பஞ்சைக் கேட்கிற சாட்டில் அவள் என்னைத்தான் கேட்டாள்.

தரை என்று சொல்வதாக நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். என் கணவர் போய்ச் சேர்ந்தபிறகு தனியே இருக்கப் பழகுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது என் அடுப்பில் என் உப்பு. மீன் கடைக்காரர் என் முகத்தைக் கண்டதும் விளைமீனை எடுத்துப் புறம்பாக வைப்பார். இதையெல்லாம் விட்டுவிட்டு, இன்னொரு வீட்டில் குசினிக் கதவடியில் நின்று என்ன சமைக்க என்று கேட்க எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். பஞ்சு போட வந்தவர் எங்கள் ஆள்தான், ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஏணியை வைத்து, "பாத்து ஏறுங்கோ அக்கா" என்றார். முழங்கால் ஒத்துழைத்த மட்டும் ஏறி, தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். வெயிலில் காய்ந்த மரமும் பழைய தூசியும் சேர்ந்து ஒரு மணம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா?" என்றாள் மகள் கீழே நின்று.

"உன்ரை அப்பாவை நினைச்சனான்."

ஏணியில் நின்றபடியே அந்தக் கதையைச் சொன்னேன். கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தபோது, ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு லொஃப்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக்காரர் தரையில் பஞ்சை விரித்து அதற்குமேல் பலகை அடித்திருந்தார். அதனால் ரேடியேட்டர் சூடெல்லாம் கீழே அவர்களோடு நின்றுவிடும். அவர்கள் பெனியனோடு திரிவார்கள், நான் மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு பிட்டு அவிப்பேன். மகள் அப்போது என் வயிற்றில். ஓட்டுக்குக் கீழே வாயைத் திறந்தால் புகை வரும்.

ஒருநாள் மத்தியானம் அவர் பெட்ரோல் ஷெட் ஷிப்ட் முடிந்து வந்தார். நான் போர்வைக்குள் இருந்து நடுங்குவதைப் பார்த்தார். உடனே தரைப் பலகைகளைக் கழற்றி, பஞ்சை உருவி எடுத்து, கூரை மரங்களுக்கிடையில் திணிக்கத் தொடங்கினார். அது கீழே விழாமல் இருக்க ஏதாவது வேண்டுமே. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த பூப்போட்ட நைலெக்ஸ் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்து ஆணி அடித்தார். நான் கத்தினேன். அவர் காதில் விழுத்தவில்லை. முடிந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்து, தலைக்குமேல் விரிந்து கிடந்த பூக்களையெல்லாம் பார்த்து, "இஞ்சாரும், திரும்பவும் மணவறையிலை இருக்கிறம்" என்றார்.

உண்மையிலேயே சூடு வந்தது. எங்களுக்கு வந்த சூடு கீழே குறைந்துவிட்டது. வீட்டுக்கார அக்கா ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தார். வீட்டைச் சூடாக்குகிற பொய்லர் பழுதென்று ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த ஆள் பொய்லரைக் கழற்றிப் பூட்டிய நேரமெல்லாம், இவர் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தார். முகத்தில் ஒரு சலனமில்லை. மேலே வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். பிட்டு அவிக்கிற ஆவி போக வழியில்லாமல் கூரையில் முட்டித் தண்ணீராகி, சேலைப் பூக்களிலிருந்து சொட்டத் தொடங்கியது. ஓடு உடைந்துவிட்டதென்று நாங்கள் நினைத்தோம். சட்டி, பானை, தேநீர்க் கோப்பை எல்லாவற்றையும் கட்டிலைச் சுற்றி வைத்தோம். அன்றைக்கு அவர் கட்டிலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, என்னையும் அதற்குள் இழுத்து இருத்தி, பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, நான் தலையில் தட்ட, அவருக்குக் கண்ணீர் வந்தது. வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஏறி வந்து பார்த்தார். பேச்சு வாங்கிக்கொண்டு பஞ்சையெல்லாம் திரும்பத் தரைக்கே இறக்கினோம். அதற்குப்பிறகு எவ்வளவோ நல்ல அறைகளில் இருந்தோம். ஆனால் எனக்கு அந்த ஈரக் கட்டில்தான் இன்னும் ஆசையாக இருக்கிறது.

பஞ்சு போட வந்தவர் ஏணியைப் பிடித்தபடி சிரித்தார். "பஞ்சுக்கும் கூரைக்கும் நடுவிலை காத்துப் போக இடம் விடோணும் அக்கா. நாங்கள் விட்டுத்தான் கட்டுவம். தண்ணி சொட்டாது."

"வேண்டாம் தம்பி, தரையிலையே போடுங்கோ" என்றேன். "ஓட்டுக்குக் கீழை என்ரை பிள்ளை படுக்கத் தேவையில்லை."

நல்ல காரணம் ஒன்று அகப்பட்டதில் எனக்குத் திருப்தி. இறங்கித் திரும்பிப் பார்த்தால் மகளைக் காணவில்லை. பெரிய அறை ஜன்னலடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கோபம் போல, இனி வீடு போகும்வரை வாயைத் திறக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

"அப்பா கட்டில்லை குடை பிடிச்சவரா?" என்றாள், திரும்பாமல்.

"ஓம்."

"நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை."

"சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? குளிர்காலத்துக் கூத்து."

அவள் திரும்பினாள். "எனக்குத் தெரிஞ்ச அப்பா யூனிபோமோடை சோபாவிலை நித்திரை கொள்ளுறவர். இரவு ஒரு ஷிப்ட், பகல் ஒரு ஷிப்ட். சாப்பிட்டியா எண்டு கேப்பார், திரும்பப் படுத்திடுவார். கண்ணீர் வரச் சிரிச்சு நான் காணேல்லை."

அவள் பிறந்தபிறகுதான் அவர் இரண்டாவது வேலையைப் பிடித்தார். அவளுக்காகத்தான் பிடித்தார்.

"நீங்கள் எனக்குச் சமைக்க வரத் தேவையில்லை அம்மா. நாளைக்குப் பிள்ளை பிறந்தாலும் பாக்க வேண்டாம். அந்த அப்பாவை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் ஈஸ்ட் ஹாமிலை தனிய இருந்தால், அவரும் அங்கைதான் இருப்பார். எனக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டினம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை இழந்தவள் நான் ஒருத்திதான் என்று இவ்வளவு நாளும் இருந்திருக்கிறேன். அவளுக்கு அவர் கிடைக்கவேயில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தத் தம்பி தரைக்குப் பஞ்சு அளக்க டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். கூரைக்கு அளக்கச் சொன்னேன்.