இடது தோளுக்கு மாற்றிய பொத்தான்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, பல வருஷமாகத் தள்ளிப் போட்டேன். வாங்கி வைத்த இரண்டு நோட்டும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டன. ஒன்பதாவது வரை படித்தவன், பிழை வந்தால் சிரிப்பார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். அது பொய். இதில் என் பெயரும் வருகிறது. அதுதான் காரணம். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றும் இருந்தேன். ஆறவில்லை. முருகன்மேல் பாரத்தைப் போட்டுக் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

1. கடை

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் அபுதாபியில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் வேலை பார்த்தேன். முன்பக்கம் கூடாரம், தூண்டில், வேட்டைப் பருந்தின் கண்ணை மூடும் தோல் குல்லா. பின்பக்கம் கண்ணாடி அலமாரியில் லைசென்ஸ் காட்டி வாங்கும் ஷாட்கன்கள். அதற்கும் பின்னால் ஒர்க்‌ஷாப். அங்கே இரண்டு பேர். துப்பாக்கி மெக்கானிக் யூசுஃப் பாய், பெஷாவர் பக்கத்துக்காரர், அந்தக் கடையில் மட்டும் பதினாலு வருஷம். ஹெல்பர் நான், மணி.

முதல் நாளே ஒரு துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டி வைத்தேன். ஊரில் தையல் மெஷினுக்கு அப்படித்தான் விடுவோம். யூசுஃப் பாய் விரலால் வழித்துப் பார்த்தார். எங்களுக்குள் பேச்சு ஹிந்தி.

“மணி பாய், இதுல பூரி பொரிக்கப் போறியா? வெளியே மணல் இருக்கு. எண்ணெய்ல மணல் ஒட்டினா ரெண்டாவது குண்டு போகாது. துடை, முழுசா துடை.”

நான் கிருத்திகைக்கு விரதம் இருப்பவன். பறவையைச் சுடும் கருவியைத் துடைக்கும் வேலை என்று தெரிந்தபோது மனசு கூசியது. ஏஜென்ட் ‘கடை வேலை’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். கை வேலையைச் சுத்தமாகச் செய்வோம், மற்றதை முருகன் பார்த்துக்கொள்வான் என்று காலையில் விபூதி பூசிக்கொண்டு போவேன்.

2. அபு ராஷித் வந்த நாள்

குளிர்காலம் தொடங்கினால் வாத்து சீசன். எங்கள் கஸ்டமர்கள் பாகிஸ்தானில் சிந்து பக்கத்து ஏரிகளுக்குப் போவார்கள். பர்மிட் எல்லாம் அவர்கள் பாடு.

அபு ராஷித் என்ற பெரியவர் அந்த வருஷம் செமி ஆட்டோமேட்டிக் வாங்க வந்தார். பழைய இரட்டைக் குழல் கனமாக இருக்கிறதாம். செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஒரு குண்டு போனதும் காலி ஷெல்லைத் தானே வெளியே தள்ளி அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே கடக்கிற நேரத்தில் கையால் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர், பட்டம் படித்தவர். எடுத்த எடுப்பிலேயே மூன்றரை இஞ்ச் தோட்டா ஏற்றும் சேம்பர், நீளக் குழல், தோளில் பதிய பாலிஷ் போட்ட வால்நட் கட்டை, கடையிலேயே உயர்ந்தது எதுவோ அதை நீட்டினார். ஏரித் தண்ணீரிலும் சேற்றிலும் கிடக்கப் போகிற துப்பாக்கிக்கு வால்நட் எதற்கு? அறுபதைத் தாண்டிய தோளுக்கு மூன்றரை இஞ்ச் தோட்டாவின் உதை எதற்கு? மூன்று இஞ்ச், சுட்ட வாயுவின் அழுத்தத்தில் ஓடுகிற கேஸ் மாடல், சிந்தெடிக் கட்டை. அதுதான் அவருக்குச் சரி. கேஸ் மாடலில் உதை மெத்தென்று இருக்கும்.

பெரியவர் மூன்று துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார். மூன்றையும் இடது தோளில் வைத்தார். ஆனால் நாங்கள் நீட்டிய பேரீச்சம்பழத்தை வலது கையால்தான் எடுத்தார், கடை ரிஜிஸ்தரில் வலது கையால்தான் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் அவருடைய வலது கண்ணைப் பார்த்தேன். கருவிழியில் வெள்ளை படர்ந்திருந்தது.

சாதாரண மாடலில் காலி ஷெல் வலது பக்கம் தெறிக்கும். இடது தோளில் வைத்துச் சுட்டால் அது கண்ணுக்கு முன்னால் குறுக்கே பறக்கும். அவருக்கு இருப்பதே ஒரு கண். இடது தோளுக்கென்றே தனி மாடல் உண்டு, ஆர்டர் போட்டால் மூன்று மாசத்தில் வரும். பெரியவருக்குப் புரியாதபடி மேனேஜரிடம் தமிழில் சொன்னேன்.

“சார், அவரு லெஃப்ட்ல வைக்கிறாரு. வலது கண்ணு சரியில்ல போல. ஒரு வார்த்தை கேட்டுட்டு லெஃப்ட் மாடல் ஆர்டர் போடலாமே.”

மேனேஜர் பெரியவரைப் பார்த்துச் சிரித்தபடியே எனக்குப் பதில் சொன்னார்.

“வாய மூடிக்கிட்டு நில்லு. வயசான வேட்டைக்காரன்கிட்ட போய் உனக்குக் கண்ணு தெரியலையான்னு கேப்பியா? அய்ப் மணி, அய்ப்.”

அய்ப் என்றால் மானக்கேடு. அந்த ஊர்ச் சொல். அரபிகள் சொல்லிக் கேட்டதைவிட, அவர்களுக்குக் கீழே வேலை செய்யும் நம் ஆட்கள் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருக்க அதைவிடச் சௌகரியமான சொல் கிடையாது. மூன்று மாசம் என்று சொன்னால் பெரியவர் வேறு கடைக்குப் போய்விடுவார். உள்ளே இருந்த விஷயம் அவ்வளவுதான்.

வால்நட் கட்டை போட்டதே விற்றுப் போனது.

3. பொத்தான்

மறுநாள் டெலிவரி. யூசுஃப் பாய் வாரத்தில் இரண்டு நாள் அல் ஐன் கிளைக்குப் போவார். அன்றும் போயிருந்தார். மேனேஜர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

“சேஃப்டி பட்டனை மட்டும் லெஃப்டுக்கு மாத்திப் போட்டுடு. கைக்கு வாட்டமா இருக்கும். அவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிரிக்கருக்குப் பின்னால் குறுக்காக ஒரு பொத்தான் இருக்கும். சாதாரணமாக, இடமிருந்து வலமாகத் தள்ளினால் பூட்டு, வலமிருந்து இடமாகத் தள்ளினால் சுடத் தயார். இடது கைக்காரருக்காக அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் எல்லாம் தலைகீழ். பூட்டுவதாக நினைத்து மற்றவர் தள்ளினால் துப்பாக்கி திறந்துகொள்ளும்.

பொத்தானைத் திருப்புவது தப்பில்லை. சொல்லாமல் கொடுப்பதுதான் தப்பு. திருப்பிய துப்பாக்கியில் சிவப்பு டேக் கட்டுவோம், கஸ்டமர் கையைப் பிடித்து மூன்று தடவை தள்ளிக் காட்டுவோம். யூசுஃப் பாய் வைத்த சட்டம் அது. பழக்கத்தில் நானும் கட்டினேன்.

“டேகைப் பாத்தா ஏன் என்னன்னு கேப்பாரு. கழட்டு.”

“சார், யூசுஃப் பாய் வந்ததும் ஒரு வார்த்தை...”

“மேனேஜர் அவனா, நானா?”

கழற்றினேன். உத்தரவு அவருடையது, கழற்றிய கை என்னுடையது.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஜாப் கார்டு உண்டு. அதில் மெக்கானிக் கையெழுத்து வேண்டும். யூசுஃப் பாய் இல்லாத நாளில் டெலிவரி நின்றுவிடக் கூடாது என்று வெற்றுக் கார்டுகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். கல்ஃபில் பாதி ஒர்க்‌ஷாப் அப்படித்தான் ஓடியது. அதில் ஒன்றை எடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ‘சர்வீஸ் ஓகே’ என்று எழுதினேன்.

அவர் திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். திட்டுவாரே என்று விட்டுவிட்டேன்.

4. ஏரியில்

மூன்றாவது வாரம் அபு ராஷித்தின் மகன் போன் செய்தார். படகில் பெரியவர் களைத்துப் போய்த் துப்பாக்கியைத் தன் மைத்துனரிடம் கொடுத்திருக்கிறார். மைத்துனர் வலது கைக்காரர். கையில் வாங்கியதும், பூட்டியிருந்ததைத் திறந்திருக்கிறது என்று எண்ணி, பழக்கப்படி பொத்தானைத் தள்ளிப் பூட்டினார். பூட்டியதாக நினைத்தார். படகு ஆடியபோது எதிலோ மாட்டி டிரிக்கர் இழுபட்டது. படகோட்டிக்கு முழங்காலில் குண்டு.

மேனேஜர் போனில் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“கன்னுக்கு டேமேஜ் ஏதாவது?”

அந்தப் படகோட்டி நின்றுகொண்டு கழி ஊன்றிப் படகு தள்ளிப் பிழைக்கிற ஆள். மடக்க முடியாத முழங்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவன் பெயரைக் கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

5. “யாருடைய கையெழுத்து?”

முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். எப்போதாவதுதான் வருவார். அன்று வந்தார். மேஜைமேல் துப்பாக்கி, பக்கத்தில் ஜாப் கார்டு. மேனேஜர் கார்டை யூசுஃப் பாய் பக்கம் நகர்த்தினார்.

“இது யாருடைய கையெழுத்து?”

“என்னுது. வேலை என்னுது இல்ல. அன்னிக்கு நான் அல் ஐன்ல.”

“வேலை செய்யாமலே கையெழுத்துப் போடுவியா?”

 யூசுஃப் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அர்பாபும் பார்த்தார்.

“மணி, நீ செஞ்சியா?” என்று ஹிந்தியில் கேட்டார்.

அவருக்குப் பின்னால் மேனேஜர். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போகக் கூடாது என்பதற்கு என் வீட்டில் அப்போது ஒரு காரணம் இருந்தது. எல்லோருடைய வீட்டிலும் இருக்கும். அதை எழுதி இரக்கம் கேட்க மாட்டேன்.

“மாலும் நஹி, அர்பாப்” என்றேன். எனக்குத் தெரியாது என்றேன்.

யூசுஃப் பாய் விசா அந்த வாரமே கேன்சல். பதினாலு வருஷம் ஒரு கார்டில் முடிந்தது.

முசாஃபா கேம்பில், நாங்கள் இருவரும் தங்கிய அறையில், அவர் பெட்டி கட்டும்போது போய் நின்றேன். என் கட்டிலுக்கு மேலே இருந்த முருகன் படத்தைக் கண்ணால் காட்டினார்.

“அவரை அந்தப் பக்கம் திருப்பி வெச்சிட்டுத்தான் வந்து சொன்னியா?”

 கை கொடுத்தேன். அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை விடவில்லை.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் விபூதி பூசும்போது வாயில் முருகன் பெயர் வராது. பொய் சொன்ன வாய் தானே.

6. அடுத்த சீசன்

அடுத்த குளிர்காலம் அபு ராஷித் மறுபடி வந்தார். மேனேஜர் ஓடி வந்து நாற்காலி போட்டார். பெரியவர் உட்காரும் முன்னே, அவர் பேசும் அரைகுறை ஹிந்தியில் சொன்னார்.

“இடது பக்கத்துக்கு ஒரு துப்பாக்கி கொடு. இந்த வலது கண்ணு செத்துப் பத்து வருஷமாச்சு. என் ஒட்டகத்துக்குக் கூடத் தெரியும். போன வருஷம் ஏன் ஒருத்தனும் கேக்கல?”

நான் ஒர்க்‌ஷாப் வாசலில் துணியும் கையுமாக நின்றிருந்தேன். ஒரு மனிதன் தன் கண்ணைப் பற்றித் தானே சிரித்துக்கொண்டு சொல்கிறார். இதைக் கேட்கக் கூடாது என்றா ஒருத்தன் கால் போனது, ஒருத்தன் பிழைப்பு போனது?  

நேரே போய்ப் பெரியவர் முன்னால் நின்றேன். என் அரபி நாலு சொல்தான்.

“யூசுஃப் மாஃபி. பட்டன் அனா. அனா.” யூசுஃப் இல்லை, பொத்தானை மாற்றியது நான். மிச்சத்தை ஹிந்தியில் கொட்டினேன். டேக் கழற்றியது, யார் சொல்லிக் கழற்றினேன் என்பது, கார்டு, நான் சொன்ன பொய், எல்லாம்.

“மணி, உள்ள போ” என்றார் மேனேஜர்.

போகவில்லை.

பெரியவர் கடைசிவரை கேட்டார். “யூசுஃப் எங்கே?”

“கலாஸ். கேன்சல்.” முடிந்தது, விசா கேன்சல் என்றேன்.

மேனேஜர் பக்கம் திரும்பினார். “கண்ணு போனது எனக்கு அய்ப் இல்ல. நீ செஞ்சதுதான் அய்ப்” என்று சொல்லிவிட்டு, வாங்காமல் எழுந்து போனார்.

நியாயம் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். மேனேஜர் பெரிய கிளைக்கு மாற்றலாகிப் போனார், இன்னும் நல்ல நாற்காலிக்கு. எனக்கு ஒரு மாசத்தில் ‘ஆள் குறைப்பு’ என்று கேன்சல் அடித்தார்கள். அபு ராஷித் மட்டும் அர்பாபிடம் பேசி, யூசுஃப் பாயைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டார்கள். அவர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஊருக்குக் கிளம்பும் முன்பு நம்பர் தேடிப் பிடித்து அவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் பாய் என்றேன்.

“நல்லது. ஒரு வருஷம் லேட்.”

“மன்னிச்சிடுங்க பாய்.”

“அதை உன் சாமிகிட்ட கேளு. எங்கிட்ட கேக்கறதுன்னா அன்னிக்கு அர்பாப் முன்னாடி கேட்டிருக்கணும்.”

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை.

7. இந்த வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு

வாத்து வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் கேட்டு ஒருவர் வந்தால் விலைப்பட்டியலை எடுக்காதீர்கள். எந்தத் தோளில் வைக்கிறார், எந்தக் கண்ணை மூடுகிறார் என்று முதலில் பாருங்கள். பார்த்ததை வாய்விட்டுக் கேளுங்கள். அவர் எங்கே சுடப் போகிறார், சேற்றிலா, உப்புத் தண்ணீரிலா? குளிருக்குத் தடித்த சட்டை போடுவாரா? அப்படியென்றால் கட்டை கொஞ்சம் குட்டையாக வேண்டும். ஸ்டீல் குண்டு போடுவார் என்றால் குழல் வாயைக் குறுக்கும் சோக் ரொம்ப இறுக்கமாக இருக்கக் கூடாது. அந்தத் துப்பாக்கியை இன்னும் யார் யார் தொடுவார்கள் என்று கேளுங்கள். எதையாவது மாற்றினால் டேக் கட்டுங்கள், எவன் சொன்னாலும் அவிழ்க்காதீர்கள். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நாமே கற்பனை செய்துகொண்டு வாயை மூடுவதற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள்.

கடவுள் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. விளக்கேற்றும்போது தினமும் கேட்கிறேன்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் மாற்ற வேண்டாம். மேனேஜர் கெட்டுப்போனார் என்று சேர்க்காதீர்கள், நன்றாகத்தான் இருக்கிறார். நான் கடைசியில் நல்லவனாகிவிட்டேன் என்று சேர்க்காதீர்கள். யூசுஃப் பாய் மன்னித்துவிட்டார் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அவர் மன்னிக்கவில்லை. அப்படியே சொல்லுங்கள்.